அடுத்த வருஷம் பார்க்கலாம்

தீர்ப்பே சொல்ல முடியாத வழக்குகள் உலகத்தில் சில உண்டு. ராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது தர்மமா என்பது ஒன்று. கர்ணன் பெரியவனா, அர்ஜுனன் பெரியவனா என்பது இன்னொன்று. எத்தனையோ தலைமுறைகளாக நாம் இவற்றை வாதாடி வருகிறோம். அலுத்துவிட்டது என்று எவரும் துண்டை உதறிக் கொண்டு எழுந்து போனதில்லை.

நியூயார்க் மாநகரத்தின் ஒரு பகுதியான புரூக்ளினிலும் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. 1951-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி பிற்பகலில், பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் கடைசிக் கட்டத்தில், ரால்ஃப் பிராங்கா என்பவர் கையில் பந்தைக் கொடுத்தது சரியா, வேறொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. முடிதிருத்தும் கடைகளிலும், டிராம்களிலும், மதுக்கடைகளிலும், மாடிப்படிகளிலும் அது நடந்தது. அன்று வாதாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பிராங்காவே 2016-ல் காலமாகிவிட்டார். வழக்கு மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். விளையாட்டுகளில் எனக்குப் பெரிய மோகம் கிடையாது. ஆனால் மனிதர்கள் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில் அளவு கடந்த மோகம் உண்டு. அந்த ஆசையால்தான் புரூக்ளின்காரர்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை மனசில் உறைத்தது. அந்த ஜனங்கள் தங்கள் கோஷ்டியைப் பற்றி எல்லாவற்றையும் விவாதித்தார்கள். யார் பந்து எறிவது, யாரை விற்பது, யாரை வாங்குவது, மானேஜரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா எல்லாம் அவர்கள் வாயில் புகுந்து புறப்பட்டன. கோஷ்டியே ஊரை விட்டுப் போகலாமா என்ற கேள்வி வந்தபோதுதான், அவர்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கதைக்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலை நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பந்து எறிகிறவர் அறுபதடி தூரத்தில் ஒரு சிறு மேட்டின் மேல் நிற்பார். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை. நேராகவோ, வளைந்தோ, அடிப்பவரின் மார்பு மட்டத்துக்கும் முழங்காலுக்கும் இடையே பறந்து வரும். அடித்தவர் ஓடி, வரிசையாக மூன்று முனைகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். பந்து வேலி தாண்டிப் போய்விட்டால் சாவகாசமாகவே ஓடி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். மூன்று பேர் ஆட்டமிழந்தால் எதிர்க் கோஷ்டியின் முறை. இப்படி ஒன்பது முறை.

இதில் பந்து எறிகிறவர்தான் ஆட்டத்தின் உயிர். ஒரு முறை முழுவதும் ஆடியவருடைய கை மறுநாள் விறகுக் கட்டையாகிவிடும். மூன்று நான்கு நாள் ஓய்வு வேண்டும். அவர் களைத்துவிட்டாரா, இன்னும் நாலு பந்து தாங்குவாரா, மாற்றுவதென்றால் யாரை அழைப்பது என்று தீர்மானிக்கிறவர் மானேஜர். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே போதுமான அவகாசம் இருப்பதால், ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் முப்பதாயிரம் பேரும் அதே சமயத்தில் அதே விஷயத்தைத் தீர்மானித்து விடுகிறார்கள். மானேஜர் ஒருவர் தவிர மற்ற அத்தனை பேருடைய தீர்மானமும் சரியாகவே இருக்கும்!

புரூக்ளின் ஒரு காலத்தில் தனி நகரம். 1898-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அதை நியூயார்க்குடன் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் வரையில் சொந்த மேயர், சொந்த நகரசபை என்று இருந்த ஊர், விடிந்ததும் பெரிய வீட்டின் ஓர் அறையாகிவிட்டது. ஆற்றின் அக்கரையில் மன்ஹாட்டனில் வானளாவிய கட்டிடங்கள் எழுந்தன. பணமும் நாகரிகமும் அங்கே. இக்கரையில் கப்பல் துறை, தொழிற்சாலை, யூதர்களும் இத்தாலியர்களும் ஐரிஷ்காரர்களும் நீக்ரோக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள். இழந்த நகரத்தின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு நாடெங்கும் போய் வந்தது ஒரே ஒரு ஸ்தாபனம். அதுதான் பேஸ்பால் கோஷ்டி. அந்த ஊரில் டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடியதால், ஜனங்கள் அவற்றில் அகப்படாமல் துள்ளி விலகிப் போக வேண்டியிருந்தது. அதைக் கேலி செய்து வைத்த பெயர்தான் டாட்ஜர்ஸ்.

1913-ல் திறந்த எபட்ஸ் மைதானம் இவர்களுடைய கோயில். சின்ன மைதானம். முன்வரிசையில் உட்கார்ந்தவர் பேசினால் ஆட்டக்காரர் காதில் விழும். பல சமயம் விழாமலிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும். இந்தக் கோஷ்டி வெகு காலம் உருப்படியாக எதையும் சாதிக்கவில்லை. 1926-ல் ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த மூன்று டாட்ஜர்கள் மூவருமே ஒரே முனையில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். அதிலிருந்து ஒரு ஹாஸ்யம் பிறந்தது. "டாட்ஜர்ஸ்காரர்கள் மூன்று பேர் முனையில் நிற்கிறார்கள்!" என்று ஒருவன் சொன்னால், "எந்த முனையில்?" என்று அடுத்தவன் கேட்பான். ஊர்க்காரர்களே அவர்களை 'உதவாக்கரைகள்' என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அப்படி அழைக்கும் உரிமை ஊர்க்காரனுக்கு மட்டும்தான். வெளியூரான் வாய் திறந்தால் சண்டை. 1938-ல் ஒரு புரூக்ளின் மதுக்கடையில் இந்தக் கேலி முற்றி, துப்பாக்கி வெடித்து, உயிரே போயிற்று. வாதம் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பதற்கு இந்த வெட்கக்கேடான சம்பவமும் ஒரு சாட்சி.

பங்காளிக் காய்ச்சல் இல்லாமல் பற்று முழுமை அடைவதில்லை. புரூக்ளினுக்குப் பங்காளி மன்ஹாட்டனில் இருந்த ஜயன்ட்ஸ் கோஷ்டி. இரண்டும் ஒரே லீகைச் சேர்ந்தவை; ஒரு வருஷத்தின் 154 ஆட்டங்களில் 22 ஆட்டம் ஒருவரோடொருவர் ஆட வேண்டும். 1934-ல் ஜயன்ட்ஸ் மானேஜர் பில் டெர்ரியிடம் பத்திரிகைக்காரர்கள் புரூக்ளினைப் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கோஷ்டி இன்னும் லீகில் இருக்கிறதா என்று அவர் எகத்தாளமாகத் திருப்பிக் கேட்டார். அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸைத் தோற்கடித்தார்கள். லீக் வெற்றி டெர்ரியின் கையை விட்டு நழுவி ஸென்ட் லூயிஸுக்குப் போயிற்று. டாட்ஜர்ஸ் தாங்கள் ஒன்றும் ஜெயிக்கவில்லை. அதனால் என்ன? பங்காளியின் பந்தலில் தீ வைத்தாயிற்று அல்லவா!

1948-ல் இன்னொரு அதிசயம். டாட்ஜர்ஸின் மானேஜராயிருந்த லியோ டுரோசர், பருவத்தின் நடுவிலேயே, ஆற்றைக் கடந்து ஜயன்ட்ஸின் மானேஜராகப் போய்விட்டார். விபீஷணன் கட்சி மாறியதைக்கூட ராமாயணம் கேட்கிறவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். டுரோசரைப் புரூக்ளின் மன்னிக்கவில்லை.

இந்த டுரோசர் புரூக்ளினில் இருந்த காலத்தில், 1940-களின் ஆரம்பத்தில், ஒரு சம்பவம் நடந்ததாக பீட் ரெய்ஸர் என்ற ஆட்டக்காரர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எபட்ஸ் மைதானத்தில் ஹில்டா செஸ்டர் என்று ஓர் அம்மாள் தவறாமல் வருவாள். கையில் பெரிய மாட்டு மணி. அதைவிடப் பெரிய குரல். ஒரு நாள் அவள், மைதானத்தின் கோடியில் நின்ற ரெய்ஸரைக் கூப்பிட்டு, ஒரு சீட்டைப் போட்டு, டுரோசரிடம் கொடுக்கச் சொன்னாள். பந்து எறிந்துகொண்டிருந்த வையட் தளர்ந்துவிட்டார், கேஸியைத் தயார் செய்யவும் என்பது அதன் சாரம். ரெய்ஸர் அதை எடுத்துக்கொண்டு வரும் வழியில், முன்வரிசையில் அமர்ந்திருந்த கோஷ்டியின் தலைவர் லாரி மக்ஃபெயிலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்தார். டுரோசர் அதைப் பார்த்தார். சீட்டு தலைவரிடமிருந்து வந்தது என்று நினைத்தார். சற்றைக்கெல்லாம் வையட்டை விலக்கிவிட்டுக் கேஸியை அழைத்தார். கேஸி நன்றாக அடிபட்டார். எப்படியோ ஆட்டம் தப்பித்தது. சீட்டு எழுதியது ஹில்டா என்று தெரிந்தபோது டுரோசருக்கு வந்த கோபத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஒரு ரசிகையின் யோசனை அமுலுக்கு வந்தது. ஏன் வந்தது? முதலாளியின் யோசனை என்று நினைத்ததால் வந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940-களில் டாட்ஜர்ஸ் நல்ல கோஷ்டியாகிவிட்டார்கள். அதன் தலைமைக்கு வந்த பிராஞ்ச் ரிக்கி என்பவர், 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்ஸனைக் களத்தில் இறக்கினார். அந்த நூற்றாண்டில் பெரிய லீகுகளில் ஆடிய முதல் நீக்ரோ ஆட்டக்காரர் அவர்தான். வசையும் மிரட்டலும் கல்மழையாகப் பொழிந்தன; ராபின்ஸன் மட்டையால் பதில் சொன்னார். ஆனால் இரண்டு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் மட்டும் விதி விளையாடியது. 1941, 1947, 1949 என்று மூன்று தடவை நியூயார்க்கின் இன்னொரு கோஷ்டியான யாங்கீஸிடம் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் புரூக்ளின்காரன் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

இப்போது 1951-க்கு வருகிறேன். ஆகஸ்டு மத்தியில் டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸைவிடப் பதின்மூன்றரை ஆட்டம் முன்னணியில் இருந்தார்கள். அவ்வளவு தூரத்தை எட்டிப் பிடிக்க முடியாது என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். டுரோசரின் ஜயன்ட்ஸ் கடைசி 44 ஆட்டங்களில் 37 ஜெயித்து, பருவம் முடிகிற நாளில் சமமாக வந்து நின்றார்கள். மூன்று ஆட்டத்தில் பைசல் செய்ய வேண்டியதாயிற்று. முதல் ஆட்டம் ஜயன்ட்ஸுக்கு. இரண்டாவதில் டாட்ஜர்ஸ் பத்துக்குப் பூஜ்யம் என்று துவைத்தெடுத்தார்கள். மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 3, ஜயன்ட்ஸின் சொந்த மைதானத்தில்.

கடைசி முறை தொடங்கியபோது டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1. பந்து எறிந்தவர் டான் நியூகம்ப். ஐந்து நாளில் அவர் மூன்றாவது தடவையாகக் களத்தில் நிற்கிறார். ஒரு அடி, இன்னொரு அடி, ஒருவர் ஆட்டமிழந்தார், பிறகு பலமாக மூன்றாவது அடி. 4-க்கு 2. இரண்டாவது முனையிலும் மூன்றாவது முனையிலும் ஜயன்ட்ஸ் ஆட்கள். டாட்ஜர்ஸ் மானேஜர் சார்லி டிரெஸன் டெலிபோனை எடுத்தார். மைதானத்தின் கோடியில் பிராங்கா, கார்ல் எர்ஸ்கின் என்று இருவர் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எர்ஸ்கினின் வளைபந்து தரையில் குத்துகிறது என்று அங்கிருந்த உதவியாளர் கிளைட் ஸுக்ஃபோர்த் சொன்னார். அப்படியானால் பிராங்காவை அனுப்பு என்றார் டிரெஸன். பிராங்காவின் சட்டையில் இருந்த எண் 13.

எதிரே பாபி தாம்ஸன். முதல் பந்தை அவர் விட்டுவிட்டார். இரண்டாவது பந்து இடதுபுற வேலிக்கு மேலே போய் ஜனங்கள் நடுவில் விழுந்தது. மூன்று ஓட்டம். ஜயன்ட்ஸ் 5, டாட்ஜர்ஸ் 4. மைதானமே வெறி கொண்டு ஆடியபோது, ஜாக்கி ராபின்ஸன் மட்டும் நகராமல் நின்று, தாம்ஸன் ஒவ்வொரு முனையையும் ஒழுங்காகத் தொடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தொடாமல் விட்டால் ஓட்டம் செல்லாதல்லவா? தோற்றுப்போன வழக்கில் ஏதாவது சட்டக் குறை அகப்படுமா என்று தேடும் நல்ல வக்கீலைப் போல நின்றார். குறை அகப்படவில்லை.

அன்று சாயங்காலமே வாதம் தொடங்கிவிட்டது. முதல் கட்சி: நியூகம்பையே விட்டிருக்க வேண்டும், களைத்தாலும் சிங்கம் சிங்கம்தான். இரண்டாவது கட்சி: மாற்றியது சரி, பிராங்கா தப்பு, இரண்டு நாள் முன்னால்தான் முதல் ஆட்டத்தில் இதே தாம்ஸன் இதே பிராங்காவின் பந்தை ஹோம் ரன் அடித்திருந்தான், அதை மானேஜர் மறக்கலாமா? மூன்றாவது கட்சி இன்னும் நுட்பமானது. முதல் முனை காலியாக இருந்தது. வேண்டுமென்றே பந்தை விலக்கிப் போட்டு தாம்ஸனை அங்கே அனுப்பிவிட்டு, அடுத்து வருகிறவனைச் சந்தித்திருக்கலாம். அவன் அந்த வருஷந்தான் புதிதாக வந்த இளைஞன். ஆம், அந்த இளைஞன் வில்லி மேய்ஸ். அவர் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் ஆகிவிட்டபடியால், இந்தக் கட்சிக்காரர்களின் குரல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் இறங்கிற்று. நான்காவது கட்சி டிரெஸனை விட்டுவிட்டு டெலிபோனில் பேசிய ஸுக்ஃபோர்த்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் அவர் புரூக்ளினில் இல்லை.

ஐம்பது வருஷம் கழித்து, 2001-ல், புதிய சாட்சியம் ஒன்று வெளிவந்தது. அந்தப் பருவத்தில் ஜயன்ட்ஸ் தங்கள் மைதானத்தின் கோடியிலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்து, எதிர்க் கோஷ்டியின் விரல் சைகைகளைத் திருடி, மணி அடித்துத் தங்கள் ஆட்களுக்குச் சேதி அனுப்பி வந்தார்கள் என்று ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. சைகைத் திருட்டைத் தாம்ஸன் மறுக்கவில்லை. அந்த ஒரு பந்துக்கு மட்டும் சேதி வாங்கவில்லை என்றார். வழக்கு மறுபடியும் முதலிலிருந்து! இத்தனைக்கும் பிராங்காவும் தாம்ஸனும் சிநேகிதர்களாகி, பல வருஷம் சேர்ந்தே உட்கார்ந்து அந்த ஹோம் ரன் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வந்தார்கள். வாதியும் பிரதிவாதியும் சமாதானமாகிவிட்டார்கள், ஜனங்கள்தான் ஆகவில்லை.

டிரெஸன் 1952-லும் 1953-லும் லீகை ஜெயித்துக் கொடுத்தார். இரண்டு தடவையும் உலகப் பந்தயத்தில் யாங்கீஸிடம் தோல்வி. மூன்று வருஷ ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டார். அப்போது முதலாளியாயிருந்தவர் வால்டர் ஓமாலி, தொழிலால் வக்கீல், 1950-ல் ரிக்கியை விலக்கிவிட்டு நிர்வாகத்தைக் கைப்பற்றியவர். ஒரு வருஷத்துக்கு மேல் எழுதித் தரமாட்டேன் என்றார். டிரெஸன் போனார். வால்டர் ஆல்ஸ்டன் என்று அதிகம் பேர் அறியாத ஒரு மனிதர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்தார். இவர் யார் என்று ஊரே கேட்டது. அவர் அந்த மாதிரி ஒரு வருஷ ஒப்பந்தங்களாகவே இருபத்து மூன்று கையெழுத்திட்டு 1976 வரை இருந்தார் என்பது வேறு கதை.

1955 அக்டோபர் 4. மறுபடி யாங்கீஸ். மூன்றுக்கு மூன்று என்று வந்து, ஏழாவது ஆட்டம். டாட்ஜர்ஸ் இரண்டு ஓட்டம் முன்னால். ஆறாவது முறையில் ஆல்ஸ்டன் சாதுவாக ஒரு மாறுதல் செய்தார். இடதுபுறக் கோடியில் நின்ற கில்லியமை உள்ளே கொண்டுவந்து, அங்கே ஸாண்டி அமோரோஸ் என்ற கியூபாக்காரரை நிறுத்தினார். சற்று நேரத்தில் யாங்கீஸின் யோகி பெர்ரா அடித்த பந்து அந்தக் கோடிக்கே பறந்தது. அமோரோஸ் ஓடினார், ஓடினார், கையை நீட்டிப் பிடித்துவிட்டார். அவர் இடது கையால் எறிகிறவர். ஆகவே உறை வலது கையில் இருந்தது. கில்லியம் நின்றிருந்தால் உறை இடது கையில் இருந்திருக்கும். அந்தப் பந்து எட்டியிராது என்பார்கள். இளைஞர் ஜானி பாட்ரஸ் கடைசி வரை தாமே எறிந்து ஒரு ஓட்டமும் கொடுக்காமல் முடித்தார். 2-0. 'அடுத்த வருஷம்' வந்தேவிட்டது. அன்று இரவு புரூக்ளின் தூங்கவில்லை.

இந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரர், ஒரு கோஷ்டியில் கையெழுத்திட்டால் அதன் சொத்து. அவராக வேறு இடம் போக முடியாது. முதலாளி மட்டும் அவரை விற்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம். 1956 டிசம்பரில் ஓமாலியின் கோஷ்டி ஜாக்கி ராபின்ஸனையே, ஒரு பந்தெறிபவருக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும் பதிலாக, ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ராபின்ஸன் அதற்கு முன்பே ஓய்வு பெறத் தீர்மானித்து ஒரு காப்பிக் கம்பெனியில் உத்தியோகமும் பேசி முடித்திருந்தார், ஆகவே போகவில்லை. ஆனால் புரூக்ளின்காரர்களுக்கு முதுகுத் தண்டில் ஒரு குளிர் ஓடிற்று. ராபின்ஸனையே விற்கலாம் என்றால் எதைத்தான் விற்கக்கூடாது?

ஓமாலி அதையும் யோசித்துக்கொண்டிருந்தார். எபட்ஸ் மைதானம் பழசாகிவிட்டது. சுமார் 700 மோட்டார்கள் நிறுத்தத்தான் இடம். வசதி வந்த குடும்பங்கள் புரூக்ளினை விட்டு லாங் தீவின் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1953-ல் பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்குக் குடிபோன பிரேவ்ஸ் கோஷ்டிக்கு அங்கே கூட்டம் அலைமோதியதை அவர் பார்த்தார். அட்லாண்டிக், ஃபிளாட்புஷ் என்ற இரு பெருஞ்சாலைகள் சந்திக்கிற இடத்தில், ரெயில் நிலையத்துக்கு அருகே, தம் சொந்தச் செலவில் மைதானம் கட்டிக்கொள்கிறேன்; நகரம் நிலத்தைச் சேகரித்து விலைக்குக் கொடுக்கட்டும் என்றார். நியூயார்க்கின் நிலமும் சாலையும் பூங்காவும் ராபர்ட் மோஸஸ் என்ற அதிகாரியின் கைக்குள் இருந்தன. அவர் ஒருவருடைய ஓட்டையும் வாங்கி அந்தப் பதவிக்கு வந்தவரல்ல. தனியார் லாபத்துக்கு நிலம் எடுத்துத் தரமாட்டேன் என்றார். வேண்டுமானால் குவீன்ஸ் பகுதியில் ஃபிளஷிங் புல்வெளிக்கு வாருங்கள் என்றார். அங்கே போனால் அது புரூக்ளின் கோஷ்டி ஆகாதே என்றார் ஓமாலி. இதற்கிடையே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டது.

குற்றவாளி ஓமாலியா, மோஸஸா? இதுவும் இன்று வரை தீராத வாதமாகிவிட்டது. வெகு காலம் வரையில் புரூக்ளின் ஓமாலியைத்தான் சபித்தது. ஹிட்லர், ஸ்டாலின் என்று எண்ணத் தொடங்கினால் மூன்றாவது பெயராக அவருடையதைச் சொல்வது அந்த ஊர் ஹாஸ்யம். பின்னால் வந்த சரித்திராசிரியர்கள் பலர் மோஸஸின் பிடிவாதத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். ஒருவர் கையில் கோஷ்டி. ஒருவர் கையில் நிலம். இருவரும் சட்டப்படிதான் நடந்தார்கள். சட்டப்படி எதுவுமே கையில் இல்லாதவர்கள்தான் அந்தக் கோஷ்டிக்கு அர்த்தம் கொடுத்தவர்கள். அவர்கள் சட்டையில் பொத்தான் குத்திக்கொண்டார்கள், மனுவில் கையெழுத்திட்டார்கள், கூட்டம் போட்டார்கள். ஹில்டாவின் சீட்டுகள்தான் அவ்வளவும். ஆனால் இந்தத் தடவை முதலாளியின் சீட்டு என்று நினைத்து ஏமாற எவருமில்லை.

1957 செப்டம்பர் 24-ந் தேதி எபட்ஸ் மைதானத்தில் கடைசி ஆட்டம். கடைசி என்று யாரும் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வந்தவர்கள் 6,702 பேர். டாட்ஜர்ஸ் 2-0 என்று ஜெயித்தார்கள். ஆர்கன் வாசிக்கும் அம்மாள் விடைபெறும் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். அக்டோபர் 8-ந் தேதி, உலகப் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு சுருக்கமான அறிக்கை வெளியாயிற்று. கோஷ்டி மேற்கே போகிறது. ஜயன்ட்ஸ் அதற்கு முன்பே ஸான் ஃபிரான்ஸிஸ்கோ போவதாகத் தீர்மானித்துவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், சண்டை போட்டுத் துக்கம் ஆற்றிக்கொள்வதற்குப் பங்காளியும் இல்லாமல் போனான்.

போன இடத்திலும் நியாயம் முழுசாக இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஷாவேஸ் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் மெக்ஸிகோ வமிசத்தார் வீடுகட்டித் தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் டாட்ஜர்ஸுக்குப் போயிற்று. இதைப் பற்றி 1958-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறிற்று. 1959 மே மாதத்தில் கடைசிக் குடும்பங்களைப் போலீஸார் தூக்கி வெளியேற்றினார்கள். 1962-ல் அங்கே புது மைதானம் திறந்தது. புரூக்ளினில் அழுதவர்களும், அந்தப் பள்ளத்தாக்கில் அழுதவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒரே பேரம்தான் இருவரையும் அழவைத்தது.

ஆட்டக்காரர்களுக்குப் பிற்காலத்தில் விடிவு வந்தது. தம்மைக் கேட்காமல் பண்டமாற்றுச் செய்ததை எதிர்த்து கர்ட் ஃபிளட் என்பவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1972-ல் தோற்றார். 1975-ல் மத்தியஸ்தர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த வழக்கைத் தொடுத்த இருவரில் ஒருவரான ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் பந்தெறிபவர். அதற்குப் பிறகு ஆட்டக்காரர் தம் விலையைத் தாமே பேசலாம். முதலாளிக்கு உரிமை உண்டு. ஆட்டக்காரருக்கும் உரிமை வந்துவிட்டது. ரசிகனுக்கு? அவனுக்கு டிக்கட்டின் கிழிந்த பாதி.

பேசிப் பேசியே பொழுதைக் கழித்த வெட்டிக் கூட்டம் என்று புரூக்ளின்காரர்களை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 1898-ல் நகரசபையை இழந்த ஊர் அது. பிறகு அறுபது வருஷம் ஒரு பந்தெறிபவரைச் சாக்காக வைத்துக்கொண்டு, தெருவுக்குத் தெரு சபை கூட்டி, ஊர் என்ற ஒன்று இருக்கிறது என்பதை நிரூபித்துக்கொண்டு வந்தது. யூதக் கடைக்காரரும், இத்தாலியத் துறைமுகத் தொழிலாளியும், நீக்ரோப் பள்ளிப் பையனும் ஒரே விஷயத்தைப் பற்றி, ஒரே உரிமையோடு, ஒருவரையொருவர் மடையன் என்று சொல்லிக்கொள்ள முடிந்த இடம் வேறு எங்கே இருந்தது? கோஷ்டி போன பிறகு சண்டை நின்றது. சண்டை நின்ற பிறகுதான், அது சண்டையல்ல, உறவு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

1960 பிப்ரவரியில் எபட்ஸ் மைதானத்தை இடித்தார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்கு, வேடிக்கையாக, பேஸ்பால் பந்து போல வர்ணம் பூசியிருந்தார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளின் சுவரில் பிற்பாடு ஒரு பலகை வைத்தார்கள். இங்கே பந்து விளையாடக்கூடாது என்று. 1962-ல் நியூயார்க்கில் மெட்ஸ் என்ற புதுக் கோஷ்டி பிறந்தது. மோஸஸ் சொன்ன அதே ஃபிளஷிங் புல்வெளியில் அதற்கு மைதானம் கட்டிக் கொடுத்தார்கள். டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சையும் சேர்த்து அதற்குச் சட்டை தைத்தார்கள். பங்காளிகள் இருவரையும் ஒரே சட்டைக்குள் போட்டுவிட்டார்கள்! ஓமாலி மைதானம் கேட்ட சாலைச் சந்திப்பில், ஏறக்குறைய எதிரே, 2012-ல் வேறொரு விளையாட்டுக்காகப் பெரிய அரங்கம் ஒன்று திறந்தது. நிலம் கிடைக்காது என்றார்களே, பிறகு எப்படிக் கிடைத்தது என்று கேட்க அப்போது ஓமாலியும் இல்லை, மோஸஸும் இல்லை.

அதெல்லாம் இருக்கட்டும். எர்ஸ்கினின் வளைபந்து ஒரு தடவை தரையில் குத்திவிட்டது என்பதற்காகவா, இரண்டு நாள் முன்னால் அடி வாங்கியவனிடம் பந்தைக் கொடுப்பது? டிரெஸன் செய்தது தப்புத்தான் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.